படுக்கச் சொன்னவர்களும் ஓடச் சொன்னவர்களும்: மாதவிடாய் வலியின் 150 வருடக் கதை

"பீரியட்ஸ் நேரத்தில எக்ஸர்சைஸ் செய்யலாமா?"

இந்தக் கேள்விக்கு எங்கட பக்கத்தில் இரண்டு பதில் இருக்கு. அம்மம்மாவிடம் கேட்டால், "பேசாமல் ஒரு பக்கத்தில படு பிள்ளை, துள்ளித் திரியாதை" என்பார். பி.ரி. ரீச்சரிடம் கேட்டால், "எழும்பி நாலு சுத்து ஓடு, எல்லாம் சரிவரும்" என்பார். இரண்டு பேரும் அக்கறையோடதான் சொல்கிறார்கள். ஆனால் "உனக்கு எவ்வளவு நோகுது?" என்று இரண்டு பேருமே பெரும்பாலும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. 1870களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மருத்துவர்கள் இதை வைத்துப் பெரிய சண்டையே பிடித்திருக்கிறார்கள். வெளியில் பார்த்தால் அது ஓய்வு பற்றிய சண்டை. உள்ளே இருந்தது வேறு: பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகலாமா, கூடாதா? அந்த வகையில் இது கம்பஸுக்குப் போகிற எங்கள் எல்லாருடைய கதையும்தான்.

பொஸ்ரன், 1873

எட்வர்ட் கிளார்க் ஹாவார்ட் மருத்துவபீடத்தில் பேராசிரியராக இருந்தவர். 1872 இன் முடிவில் பொஸ்ரனில் ஒரு பெண்கள் கழகத்தில் பேசினார். அந்தப் பேச்சு அடுத்த வருடம் 'செக்ஸ் இன் எடியுகேஷன்' என்ற புத்தகமாக வந்து, திரும்பத் திரும்ப அச்சானது.

அவருடைய வாதம் இதுதான். உடம்பில் இருக்கிற சக்தி ஒரு அளவுதான். பெண் பிள்ளை பருவமடைகிற வயதில் அந்தச் சக்தி கருப்பைக்கும் சூலகத்துக்கும் போகவேண்டும். அந்த நேரத்தில் அவள் கணக்கும் லத்தீனும் படித்தால் சக்தி மூளைக்குப் போய்விடும். இனப்பெருக்க உறுப்புகள் வளராது. வலி, நரம்புத் தளர்ச்சி, மலட்டுத்தன்மை எல்லாம் வரும். ஆகவே ஆண் பிள்ளை நாளுக்கு ஆறு மணித்தியாலம் படித்தால், பெண் பிள்ளைக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து போதும். நாலு கிழமைக்கு ஒருமுறை படிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் ஓய்வு வேண்டும். ஆண்களோடு ஒரே வகுப்பில், ஒரே நேரசூசியில் படிப்பது சரிவராது.

இதற்கு அவர் வைத்த ஆதாரம், தன்னிடம் வந்த சில நோயாளிகளின் கதைகள். அதில் ஒருத்தி 'மிஸ் டி'. வாசார் பெண்கள் கல்லூரியில் 14 வயதில் சேர்ந்தாள், மாதவிடாய் நாட்களிலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்தாள், உடற்பயிற்சி செய்யும்போது மயங்கி விழுந்தாள், கடைசியில் உடம்பு கெட்டுப்போனாள் என்று எழுதினார்.

வாசாரின் மருத்துவராக இருந்த அலிடா ஏவரி இதற்கு நேரடியாகப் பதில் எழுதினார். 1874 இல் ஜூலியா வார்ட் ஹவ் தொகுத்த மறுப்புக் கட்டுரைத் தொகுப்பில் அந்தப் பதில் இருக்கு. மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் மாணவிகள் உடற்பயிற்சி செய்யக்கூடாது என்று கல்லூரியில் விதியே இருக்கிறது, பிறகு மிஸ் டி எப்படி மயங்கி விழுந்தாள் என்பதுதான் அவர் கேள்வி. நல்ல பதில்தான். ஆனால் பாருங்கள், கிளார்க்கை எதிர்த்தவர்களும் "நாங்களும் ஓய்வு கொடுக்கிறோம்" என்றுதான் தங்களைக் காப்பாற்றினார்கள்.

கிளார்க்கின் புத்தகம் எவ்வளவு பேரைப் பயப்படுத்தியது என்பதற்கு ஒரு சாட்சி கேரி தோமஸ். பின்னாளில் பிரின் மோர் பெண்கள் கல்லூரியின் தலைவரானவர். சின்ன வயதில் அந்தப் புத்தகம் ஒரு பேயைப் போலத் தங்களைத் துரத்தியதாக அவர் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். படித்தால் உடம்பு கெட்டுப்போகுமா, இல்லையா என்பது அவர்களுக்கே அப்போது தெரியாது. படித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பொஸ்ரனுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனின் தலைமையகம் பொஸ்ரனில்தான் இருந்தது. அந்த மிஷன் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை 1824 இலேயே தொடங்கிவிட்டது. கிளார்க் தன்னுடைய ஊரில் எழும்பி நின்று "பெண்கள் படித்தால் உடம்பு தாங்காது" என்று சொன்னபோது, அதே ஊரிலிருந்து வந்த பணத்திலும் ஆட்களிலும் இங்கே பெண் பிள்ளைகள் அரை நூற்றாண்டாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயிரம் கேள்விக்கொத்துகள்

ஹாவார்டில் பொய்ல்ஸ்ரன் பரிசு என்று ஒரு மருத்துவக் கட்டுரைப் போட்டி இருந்தது. கிளார்க்கின் புத்தகம் கிளப்பிய சூட்டோடு அதற்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்கள்: மாதவிடாய் நேரத்தில் பெண்களுக்கு மனத்துக்கும் உடலுக்கும் ஓய்வு தேவையா, தேவையென்றால் எவ்வளவு? கட்டுரையில் எழுதியவரின் பெயர் இருக்கக்கூடாது.

1876 இல் பரிசு கிடைத்த கட்டுரையை எழுதியவர் ஒரு பெண். பெயர் மேரி புட்னம் ஜக்கோபி. பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் அனுமதி பெற்ற முதல் பெண் அவர். 1871 இல் அங்கே பட்டம் பெற்று நியூயோர்க்கில் மருத்துவராக இருந்தார். அவருக்குப் பரிசு கொடுத்த ஹாவார்டின் மருத்துவபீடம் பெண்களை மாணவிகளாகச் சேர்த்தது 1945 இல்தான்.

கிளார்க்குக்கும் ஜக்கோபிக்கும் இருந்த பெரிய வித்தியாசம் முடிவில் இல்லை, முறையில்தான். கிளார்க் தன்னிடம் நோயோடு வந்தவர்களை மட்டும் பார்த்து எல்லாப் பெண்களைப் பற்றியும் எழுதினார். ஜக்கோபி ஆயிரம் கேள்விக்கொத்துகளை அச்சடித்துப் பெண்களுக்கு அனுப்பினார். வலி இருக்கா? எவ்வளவு நேரம்? பாடசாலைக் காலத்தில் எவ்வளவு படித்தீர்கள், எவ்வளவு உடற்பயிற்சி செய்தீர்கள்? களைப்பில்லாமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? அந்த நாட்களில் ஓய்வு எடுக்கிறீர்களா? 268 பேர் பதில் அனுப்பினார்கள். அதோடு சில பெண்களின் நாடித்துடிப்பைக் கருவியால் கோடாகப் பதிவு செய்தார். உடல் வெப்பநிலை, தசை வலிமை, சிறுநீரில் போகும் யூரியா எல்லாம் மாதம் முழுக்க அளந்தார். 1877 இல் இது 200 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகமாக வந்தது.

பதில் அனுப்பியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்கு வலியே இருக்கவில்லை. நல்ல சாப்பாடும் ஆரோக்கியமும் உள்ள பெண்ணுக்கு, மாதவிடாய் என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வு தேவை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்று ஜக்கோபி முடித்தார். மாதாமாதம் உடம்பு திடீரென்று சந்திக்கிற நெருக்கடி இல்லை அது. மாதம் முழுக்க ஏறி இறங்குகிற ஓர் அலையின் ஒரு பகுதி என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் ஜக்கோபியை மூடி வைத்துவிடுகிறார்கள். "பெண்களுக்கு ஓய்வு தேவையில்லை என்று ஒரு பெண் டொக்டரே நிரூபிச்சிட்டா" என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. வலியால் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வலி இருக்கிற நேரத்தில், முடிந்த இடத்திலெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு கொடுப்பதுதான் மனிதத்தன்மை என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். அதாவது, பெண் என்பதற்காக ஓய்வு இல்லை. நோகிறது என்பதற்காக ஓய்வு. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கு. முதலாவதில் ஒரு இனத்தையே வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாவதில் ஒரு மனிசியின் வலிக்கு மரியாதை கொடுக்கலாம்.

ஓய்வு எப்படித் தண்டனையாக மாறும் என்பதும் ஜக்கோபிக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நரம்புத் தளர்ச்சி என்று வருகிற பெண்களை வெயர் மிச்சல் என்ற மருத்துவர் கிழமைக் கணக்கில் கட்டிலில் படுக்க வைத்தார். வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது, சாப்பிட்டுச் சாப்பிட்டுப் படுக்கவேண்டும். 1887 இல் அந்த வைத்தியத்துக்குப் போய் இன்னும் மோசமாகித் திரும்பியவர்தான் எழுத்தாளர் சார்லட் பேர்கின்ஸ் கில்மன். 'த யெலோ வோல்பேப்பர்' சிறுகதை அதிலிருந்து வந்தது. பல வருடம் கழித்து கில்மன் ஜக்கோபியிடம் வைத்தியத்துக்குப் போனார். ஜக்கோபி அவரைப் படுக்கச் சொல்லவில்லை. மூளைக்கு வேலை கொடுக்கச் சொன்னார்.

யாருடைய ஓய்வு?

இங்கிலாந்தில் ஹென்றி மௌட்ஸ்லி என்ற மனநல மருத்துவர் 1874 இல் கிளார்க்கின் வாதத்தையே எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த மாதமே அதே சஞ்சிகையில் எலிசபெத் கரெட் அன்டர்சன் பதில் கொடுத்தார். பிரித்தானியாவில் மருத்துவராகப் பதிவு பெற்ற முதல் பெண்களில் ஒருவர் அவர். உங்கட வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாதம் முழுக்க ஒரு நாளும் நிற்காமல் வேலை செய்கிறார்களே, அவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று ஏன் யாரும் எழுதவில்லை என்பது அந்தப் பதிலின் கூர்மையான பகுதி.

கிளார்க்குக்கு இதற்கு ஒரு விளக்கம் இருந்தது: தொழிற்சாலைப் பெண்கள் மூளையை அவ்வளவாகப் பாவிப்பதில்லை, அதனால் அவர்களுக்குப் பாதிப்புக் குறைவு. படிக்கிற பெண்ணின் உடம்பு கண்ணாடி. வேலை செய்கிற பெண்ணின் உடம்பு கல்லு. ஒரே கருப்பைதான், ஆனால் வர்க்கம் மாறினால் மருத்துவமும் மாறுகிறது.

கிளார்க்கின் புத்தகம் வெளிவந்த அதே 1873 இல்தான் ஜேம்ஸ் டெய்லரின் தோட்டத்திலிருந்து முதல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை லண்டனுக்குப் போனது. அதற்குப் பிறகு மலைநாட்டில் கொழுந்து பறிக்க வந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி எந்தப் பேராசிரியரும் "நாலு கிழமைக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்" என்று புத்தகம் எழுதவில்லை. கூடையும் மலையும் மழையும் அட்டையும், எடை குறைந்தால் சம்பளமும் குறையும் என்ற கணக்கும் மாதத்தின் எல்லா நாளும் ஒன்றுதான். "பீரியட்ஸ் நேரத்தில உடம்பை அசைக்கலாமா" என்ற கேள்வியைக் கேட்பதற்கே ஒரு வசதி வேண்டும்.

வீட்டுப் பக்கமும் சுலபமில்லை. 'வீட்டுக்குத் தூரம்', 'துடக்கு', 'மாதவிலக்கு' என்ற சொற்களைப் பாருங்கள். ஓய்வு இருக்கு, ஆனால் தீட்டோடு கட்டித்தான் வருகிறது. "அந்தக் காலத்தில பெண்களுக்கு ரெஸ்ட் குடுக்கத்தான் ஒதுக்கி வச்சவை" என்று இப்போது ஒரு விளக்கம் அடிக்கடி சொல்கிறார்கள். ஓய்வுதான் நோக்கமென்றால், நோகாத பெண்ணையும் ஏன் ஒதுக்க வேண்டும்? காய்ச்சல் வந்த ஆணுக்குத் தனிக் கோப்பை ஏன் வைக்கவில்லை? கிளார்க்கின் ஓய்வும் இந்த ஓய்வும் வேறு வேறு ஊரில் பிறந்தவை. ஆனால் இரண்டும் அவளைக் கேட்காமல் கொடுக்கப்படுபவை.

"எழும்பி நட!"

அடுத்த தலைமுறைப் பெண் ஆய்வாளர்கள் கிளார்க்கின் கதையைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்கு மருத்துவ ஆலோசகராக இருந்த கிளீலியா மோஷர், வலிக்குப் பெரிய காரணம் இடுப்பை இறுக்குகிற கோர்செட்டும் பாரமான பாவாடையும் அசையாமல் இருப்பதும்தான் என்றார். முதுகில் படுத்து, முழங்காலை மடித்து, அடிவயிற்றால் ஆழமாக மூச்சு விடுகிற ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயிற்சி அவருடைய பெயராலேயே பிரபலமானது. 1914 இல் கொலம்பியாவில் லீட்டா ஹொலிங்வொர்த் 23 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஆண்களையும் திரும்பத் திரும்பச் சோதித்தார். கை நடுக்கம், விரல் வேகம், நிறங்களின் பெயரை விரைவாகச் சொல்வது என்று பல சோதனைகள். மாதவிடாய் நாட்களில் பெண்களின் திறன் குறைகிறது என்பதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

இவை வெற்றிகள்தான். ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. "எங்களாலும் முடியும்" என்று நிரூபிக்கவேண்டிய இடத்தில் "எனக்கு நோகுது" என்று சொல்ல இடமில்லை. சொன்னால் கிளார்க் சொன்னது சரியென்று ஆகிவிடும். நல்ல மாணவி என்றால் வலியில்லாத மாணவி.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வரும்போது காற்று முழுக்க மறுபக்கம் திரும்பிவிட்டது. 1946 இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம், கோட்டெக்ஸ் தயாரிப்பாளர்களுக்காக மாதவிடாய் பற்றி ஒரு கார்ட்டூன் படம் எடுத்தது. அமெரிக்கப் பாடசாலைகளில் பல தலைமுறை அதைப் பார்த்திருக்கு. குளிக்கலாம், அளவாக உடற்பயிற்சி செய்யலாம், முகத்தைத் தொங்கப்போடாதே, நிமிர்ந்து நில் என்பதுதான் செய்தி. பாதி நல்ல விஷயம். ஆனால் அந்தப் படத்தில் இரத்தத்தை வெள்ளை நிறத்தில் வரைந்திருந்தார்கள். வலிக்கும் அதே நிலைதான்.

மருத்துவப் புத்தகங்கள் இன்னும் ஒரு படி போயின. மாதவிடாய் வலி பெரும்பாலும் மனம் சம்பந்தப்பட்டது, பெண்மையை ஏற்றுக்கொள்ளாத பெண்ணுக்கும் பயந்த சுபாவக்காரிக்கும் வருவது என்று எழுதப்பட்டது. 1873 இல் "நீ படிக்கிறாய், அதுதான் நோகுது" என்றார்கள். பிறகு "நீ நினைக்கிறாய், அதுதான் நோகுது" என்றார்கள். இரண்டிலும் பிழை அவளுடையது.

வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது

1957 இல் வேர்னன் பிக்கிள்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளர், மாதவிடாய்க் கழிவில் கருப்பையை இறுகவைக்கிற ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அது புரொஸ்டகிளாண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பிறகு தெளிவானது. மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையின் உட்சுவரிலிருந்து இது வெளிவருகிறது, கருப்பைத் தசை இறுகுகிறது, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அந்தத் தசைக்கு ஒட்சிசன் குறைகிறது, நோகிறது. கூடுதலாகச் சுரந்தால் வலியும் கூட. சிலருக்கு அதோடு வரும் வாந்தி, வயிற்றோட்டம், தலையிடி எல்லாத்துக்கும் இதே பொருள்தான் காரணம்.

1971 இல் ஜோன் வேன், அஸ்பிரின் வகை மருந்துகள் புரொஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982 இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. பார்மசியில் நாங்கள் வாங்குகிற மெபெனமிக் அசிட்டும் ஐபுபுரோபனும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. (கஸ்ரைரிஸ், ஆஸ்துமா இருக்கிறவர்கள் கேட்டுத்தான் போடவேண்டும்.)

1973 இல் ஜீன், ஜோன் லெனேன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு பிரபல அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் நேரடியாகவே எழுதினார்கள்: உடல் காரணம் தெளிவாக இருந்தும் மாதவிடாய் வலியை மனநோய் என்று புத்தகங்கள் சொல்வதற்குக் காரணம் அறிவியல் இல்லை, பால் சார்ந்த முற்சாய்வாக இருக்கலாம் என்று. கிளார்க்கின் புத்தகத்துக்கும் இதுக்கும் இடையில் சரியாக நூறு வருடம்.

லீவு கேட்டவர்கள்

ஓய்வை உரிமையாகக் கேட்ட கதையும் ஒன்று இருக்கு. கொச்சி சமஸ்தானத்தில் திருப்பூணித்துறை அரச பெண்கள் பாடசாலையில் 1912 இல், மாதவிடாய் காரணமாகப் பரீட்சைக்கு வர முடியாத மாணவிகள் பிறகு எழுத அனுமதி கிடைத்தது. ஜப்பானில் பஸ் நடத்துநர்களான பெண்கள் 1920களிலேயே இந்த லீவைக் கேட்டார்கள். 1947 தொழிற்சட்டத்தில் அது வந்தது. பீகாரில் 1992 இல் அரச ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள். ஸ்பெயினில் 2023 இல்.

ஆனால் சட்டம் இருந்தால் போதாது. ஜப்பானில் இப்போது இந்த லீவை எடுக்கிறவர்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. மேலதிகாரி பெரும்பாலும் ஆண். எடுத்தால் "இவளால ஏலாது" என்ற பெயர். 2023 டிசம்பரில் இந்திய அமைச்சராக இருந்த ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஒரு ஊனம் இல்லை, சம்பளத்தோடு லீவு தேவையில்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அதைக் கேட்டவுடன் எனக்கு 1870கள்தான் நினைவு வந்தது. நோகுது என்றால் வெளியே போ. உள்ளே இருக்கவேண்டும் என்றால் நோகவில்லை என்று சொல்லு. கதவு அதேதான்.

அப்ப என்ன செய்யிறது?

மருத்துவம் இன்று சொல்வது கிளார்க்கும் இல்லை, டிஸ்னியும் இல்லை. 2019 இல் கொக்ரேன் அமைப்பு, மாதவிடாய் வலிக்கு உடற்பயிற்சி உதவுமா என்று நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 12 ஆய்வுகள், 854 பெண்கள். கிழமைக்கு மூன்று தடவையாவது, 45 தொடக்கம் 60 நிமிடம் பயிற்சி செய்கிறவர்களுக்கு, 100 புள்ளி வலி அளவுகோலில் ஏறக்குறைய 25 புள்ளி குறையலாம் என்று கண்டார்கள். ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இது கிழமைக் கணக்கில் ஒழுங்காகச் செய்கிற பயிற்சியின் பலன். முதல் நாள் நாரி உளைந்து சுருண்டு கிடக்கிற பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கச் சொல்லும் அனுமதி இல்லை. அதேபோல, இறுதிப் போட்டி அன்று பீரியட்ஸ் வந்தாலும் "எனக்கு ஏலும்" என்று நிற்கிற நெற்போல் வீராங்கனையை வாங்கில் இருத்தவும் எந்தக் காரணமும் இல்லை.

மாதாமாதம் பாடசாலைக்கோ கம்பஸுக்கோ போக முடியாத அளவு வலி, மருந்துக்கும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடுகிற வலி என்றால் அது ஓய்வா ஓட்டமா என்ற கேள்வியே இல்லை. எண்டோமெற்ரியோசிஸ் போன்ற வேறு காரணம் இருக்கலாம், டொக்டரிடம் போகவேண்டும். "கலியாணம் கட்டினால் சரிவரும்" என்பது வைத்தியம் இல்லை.

ஜக்கோபி செய்ததை ஒவ்வொரு பி.ரி. ரீச்சரும், வோர்டனும், விரிவுரையாளரும், வீட்டில் அம்மாவும் செய்யலாம். அதுக்கு நாடி அளக்கிற கருவி தேவையில்லை. "எப்படி இருக்கு? இருக்கப்போறியா, விளையாடப்போறியா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். இந்த மாதம் "விளையாடப்போறன்" என்பாள், அடுத்த மாதம் "ஏலாது" என்பாள். இரண்டும் அவளுடைய உண்மையான பதில்தான்.